பெட்டியைத் திறப்பதா, திறக்காமலே வைப்பதா? பொம்மை சேர்க்கும் பெரியவர்களிடம் ஒரு கேள்வி

உறையூர் நூலகி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 44. திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். பதினேழு ஆண்டுகளாகப் பார்பி பொம்மைகளைச் சேர்த்து வருகிறேன். நேற்று எண்ணியபோது 63 இருந்தன. அவற்றுள் 41 பொம்மைகள், வாங்கிய நாள்முதல் இன்றுவரை பெட்டிக்குள்ளேயே, கம்பியாலும் ரப்பர் வளையத்தாலும் கட்டப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பம்பாயிலிருந்து வந்த அத்தை மகள், சேலை கட்டிய ஒரு பார்பியைக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் அது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நின்றது. "பார்க்கலாம், தொடக்கூடாது" என்பது அத்தையின் கட்டளை. பிற்பாடு வேலைக்குச் சேர்ந்து, ஊதிய உயர்வின் நிலுவைத்தொகை கைக்கு வந்த மாதத்தில் எனக்கென்று ஒன்று வாங்கினேன். கட்டிலில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, திறக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு வந்தவையும் பெரும்பாலும் அப்படியே உள்ளே போயின.

இப்போது மகள் விடுதியில் சேர்ந்துவிட்டதால் ஓர் அறை காலியாகியிருக்கிறது. தச்சர் வந்து கண்ணாடி அலமாரிக்கு அளவெடுத்துச் சென்றிருக்கிறார். பெட்டிகளோடு அடுக்கினால் அதில் இருபதுக்கு மேல் கொள்ளாது. பெட்டியைப் பிரித்து நிற்கவைத்தால் அறுபத்துமூன்றும் நிற்கும். பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிரிக்காவிட்டால் நான் சேர்த்திருப்பது பொம்மைகளையா அட்டைப்பெட்டிகளையா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கூரியர் எல்லாம் கல்லூரி முகவரிக்கே வருகிறது. யாராவது கேட்டால் மகளுக்கு என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வயது பதினெட்டு, பொம்மையின்மீது துளியும் நாட்டமில்லாதவள். அண்மையில் எங்கள் சின்ன மாமியார் பீரோவைப் பார்த்துவிட்டு, "பெண் பெற்று வளர்த்து ஆளாக்கியும் இவளுக்கு ஏதோ குறை தீரவில்லை" என்று அடுக்களையில் சொன்னது என் காதில் விழுந்தது. அலமாரி வந்துவிட்டால் ஒளிக்க இடமில்லை. நீங்கள் எல்லாரும் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


பெட்டி பிரியாதவன் எழுதியது:

அம்மா, நான் பிரிக்காத கட்சி என்பது என் பெயரிலேயே தெரியும். ஆனால் மதிப்புக்காகப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லவேண்டும்.

முதல் பார்பி 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானது. விலை மூன்று டாலர். கறுப்பு வெள்ளை வரிபோட்ட நீச்சலுடை, பாதங்களில் தாங்கிக் கம்பியைச் செருகுவதற்கான துளைகள், அத்துளைகளுக்குள் செம்புக் குழல்கள். இன்று அதற்குக் கிடைக்கும் விலைக்குக் காரணம், அன்றைய சிறுமிகள் அதை வைத்து விளையாடித் தலைமயிரை வெட்டி, காதணியைத் தொலைத்து, உடைத்துக் குப்பையில் போட்டதுதான். யாரும் சேமிக்க நினைக்காததால் அது அரிதாயிற்று. இதற்கு நேர்மாறானது 1988இல் தொடங்கிய பண்டிகைக்கால வரிசை. முதல் ஆண்டின் சிவப்பு உடைப் பொம்மை கடைகளில் விற்றுத் தீர்ந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்துவந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு ஆகுமென்று வாங்கிப் பரணில் ஏற்றினார்கள். அத்தனையும் பத்திரமாகப் பிழைத்துவிட்டன. ஆகவே 90களின் பொம்மைகள் பல, வாங்கிய விலைக்குக் கீழேயே கைமாறுகின்றன.

பழைய ஜெர்மன் பீங்கான் தலைப் பொம்மைகளிலும் இதே கதைதான். துரிஞ்சியாவில் அர்மாண்ட் மார்செய் நிறுவனம் செய்த 390ஆம் எண் அச்சு நூறாண்டுகளுக்கு முற்பட்டது என்றாலும், அவ்வளவு ஏராளமாகச் செய்து தள்ளியதால் இன்றும் எளிய விலைக்கே கிடைக்கிறது. 2004இல் பார்பியைச் செய்யும் மேட்டல் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்கென்று நிற முத்திரைகளைக் கொண்டுவந்தபோது, ஒரு வகையில் எத்தனை பொம்மை செய்யலாம் என்பதற்கு, வெள்ளி முத்திரைக்கு 50,000, தங்க முத்திரைக்கு 25,000, பிளாட்டினத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு என்று வரம்பு வைத்தது. இருபத்தையாயிரம் பேரிடம் இருக்கும் ஒன்றை அரியது என்று நாம் நம்புகிறோம்.

பிறகு நான் ஏன் பிரிப்பதில்லை என்றால், எனக்குப் பெட்டியும் சேர்ந்ததுதான் பொம்மை. உள்ளே வரைந்திருக்கும் பின்னணி, மெல்லிய கண்ணாடித்தாள், விற்பனை அலமாரியில் நின்ற அதே கோலம், இவை எனக்கு வேண்டும். அஞ்சல்தலை சேர்ப்பவரிடம் போய் உறையில் ஒட்டவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. ஒருமுறை இணையத்தில் வாங்கிய ஒன்றை, விற்றவர் பெட்டியைத் தட்டையாக மடித்து, பொம்மையைத் தனியாகத் துணியில் சுற்றி, இடம் மிச்சம் பிடித்ததாகப் பெருமையோடு அனுப்பியிருந்தார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நான் ஆண், வயது 52, மணமாகாதவன். கடையில் "எத்தனை வயதுக் குழந்தைக்கு சார்?" என்று கேட்கும்போதெல்லாம் ஆறு என்று சொல்வேன். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் குழந்தைக்கு ஆறு வயதுதான்.


பொம்மை வைத்தியர் கோவை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பழைய பொம்மைகளைச் செப்பனிடுகிறவள். திறப்பது உங்கள் விருப்பம். ஆனால் திறக்காத பெட்டி பாதுகாப்பானது என்ற எண்ணத்தோடு மட்டும் திறக்காமல் இருக்காதீர்கள். என்னிடம் வரும் மோசமான நோயாளிகளில் பாதி, முப்பது ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருந்தவை.

பார்பியின் உடலும் கையும் காலும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. வளையும் காலும் தலையும் வினைல். பி.வி.சி. என்னும் அந்தப் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச்செல்ல, அதிலும் வெப்பத்தில், அந்த எண்ணெய் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். கால் பிசுபிசுக்கத் தொடங்கும், தூசி ஒட்டும், உடையின் சாயம் காலில் இறங்கும். கறுப்புக் காலுறை போட்ட பொம்மையின் காலுறையைக் கழற்றிப் பார்த்தீர்களானால் நான் சொல்வது விளங்கும். காதணி அணிந்த பழைய பொம்மைகளில் காதைச் சுற்றிப் பச்சை பூக்கும். காதணிக் கம்பியிலுள்ள செம்பும் அந்த எண்ணெய்ப் பொருளும் கூடிச் செய்கிற வேலை அது. வெளியே தெரிவதற்குள் உள்ளே பரவியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் பொம்மையின் காதணியை யார் கழற்றுவது? அது பாட்டுக்குப் பச்சையாகிக்கொண்டிருக்கும்.

மணிக்கட்டைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையம் இன்னொரு கேடு. நம் ஊர் வெக்கையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது உருகிப் பசையாகிப் பிறகு காய்ந்து நொறுங்கும். இருந்த இடத்தில் பழுப்பு வளையல் ஒன்றை விட்டுச்செல்லும். 2000க்குப் பிந்திய பொம்மைகள் பலவற்றில் தலைமயிர் அவிழாமல் இருக்கத் தலைக்குள் பசை ஊற்றியிருப்பார்கள். அது மயிர்க்கால் வழியாகக் கசிந்து, தலைக்கு எண்ணெய் வைத்தது போலாகிவிடும். எத்தனை முறை அலசினாலும் மீண்டும் வரும்.

பரணில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் காங்கிரீட் கூரைக்கடியில் இருக்கும் சூடு பொம்மைக்கு ஆகாது. அந்துருண்டை போடவே போடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் வேண்டாம். உங்களிடம் பார்பி மட்டும்தான் என்றாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 1940கள், 50களின் கடின பிளாஸ்டிக் பொம்மைகள் சிலவற்றில் புளிக்காடி மணம் வரும். அது செல்லுலோஸ் அசிடேட் சிதையும் மணம். அதை மூடி வைத்தால், வெளிவரும் அமில ஆவி உள்ளேயே நின்று சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். காற்றாட வைத்து மற்றவற்றிலிருந்து பிரித்துவையுங்கள். அட்டைப்பெட்டிக்கு வரும் இராமபாணப் பூச்சியைப் பற்றி நூலகத்தில் இருப்பவருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கறை நீக்க முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையின்மேல் மட்டும் தடவி வெயில்படும் இடத்தில் வைப்பதுண்டு. மையும் சாயமும் போகும். ஆனால் கூடுதல் நேரம் விட்டால் பொம்மையின் தோல் நிறமும் வெளுத்துவிடும். முகத்தருகே முயலாதீர்கள்.

அலமாரியைச் சன்னலுக்கு எதிரே வைக்கவேண்டாம் என்று தச்சரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதோடு வருகிறார்கள். முதுகில் 1966 என்று பொறித்திருப்பதால் உங்கள் பொம்மை 1966இல் செய்யப்பட்டது என்று பொருளில்லை. அது அந்த உடல் அச்சுக்கான உரிமை பெற்ற ஆண்டு. 80களிலும் 90களிலும் செய்த பொம்மைகளின் முதுகிலும் அதே எண்தான் இருக்கும். போன மாதம் ஒருவர் அந்த எண்ணை நம்பி, தம் வீட்டுப் பொம்மைக்கு ஒரு இருசக்கர வண்டியின் விலை கேட்டார். பொம்மைக்கு ஒரு காலும் இல்லை.


ஆறில் ஒரு பங்கு எழுதியது:

என் பெயருக்கு விளக்கம்: பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், மனித உடலின் ஆறில் ஒரு பங்கு. நான் பெட்டியைக் கூரியர்காரர் படியிறங்குவதற்குள் பிரித்துவிடும் வகை. பொம்மை எனக்குத் தொடக்கம் மட்டுமே. தலைமயிரைக் கழற்றி வேறு மயிர் நடுவேன், முகத்தின் வண்ணத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவேன், உடை தைப்பேன்.

இது எங்கள் கிறுக்கு மட்டுமில்லை. 1972இல் அமெரிக்காவில் கென்னர் நிறுவனம் பிளைத் என்றொரு பொம்மையை வெளியிட்டது. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, பின்னந்தலையில் ஒரு கயிறு. இழுத்தால் கண்ணின் நிறம் மாறும், நான்கு நிறங்கள். குழந்தைகள் அதைக் கண்டு மிரண்டார்கள் என்பார்கள். ஒரே ஆண்டில் நின்றுபோனது. கால் நூற்றாண்டு கழித்து ஜீனா காரன் என்ற ஒளிப்படக் கலைஞர் அந்தப் பழைய பொம்மையைப் போகுமிடமெல்லாம் கொண்டுசென்று படமெடுக்க, பெரியவர்கள் தேடத் தொடங்கினார்கள். 2001இல் ஜப்பானின் தகாரா நிறுவனம் அதை மீண்டும் கொண்டுவந்தது. குழந்தைகளிடம் தோற்றுப் பெரியவர்களிடம் வென்ற பொம்மை அது. இன்று அதன் உதட்டைச் செதுக்கி, கண்வில்லையை மாற்றி, இமையில் கோலம் எழுதி, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் ஆக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானில் வோல்க்ஸ் நிறுவனம் 1999இல் தொடங்கிய பந்து மூட்டுப் பொம்மைகள் இன்னும் ஒரு படி மேலே. ரெசின் உடல், உள்ளே ஓடும் இழுவைக் கயிறு, தலையின் பின்மூடியைத் திறந்து உள்ளிருந்து பொருத்தும் கண். அவர்கள் வாங்கினேன் என்று சொல்வதில்லை. வரவேற்று அழைத்துவந்தேன் என்ற பொருள்படும் சொல்லையே ஆள்கிறார்கள். அழைத்துச்செல்லும் நாளில் சிறு சடங்கும் உண்டு. முதலில் எனக்கு இது மிகையாகப் பட்டது. பிறகு எண்ணிப் பார்த்தால், நம் வீட்டில் மாட்டை வாங்கி வந்தால்கூடப் பொட்டு வைத்துத்தானே கொட்டிலுக்குள் விடுகிறோம்.

நூலகி அவர்களே, திறப்பதானால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன்: சேலை கட்டிப் பாருங்கள். ஐந்தரை மீட்டரை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர். அகலம் 19 சென்டிமீட்டர் வரும். கணக்குச் சரியாக இருக்கும், கட்டினால் பொம்மை பீப்பாய் போலாகிவிடும். நீளத்தையும் அகலத்தையும் ஆறில் ஒன்றாக்கலாம், நூலின் தடிமனை ஆறில் ஒன்றாக்க முடியாதே! எனவே இடுப்பைச் சுற்றும் உள்சுற்றை முழுவதும் வெட்டிவிடவேண்டும். கொசுவம் ஏழெட்டு வைக்கக்கூடாது; மூன்று போதும், அதையும் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, மேல்விளிம்பில் நூலோட்டி, ஒரு நாடாவில் தைத்துவிடவேண்டும். துணிக்குப் புதிய பட்டு வேண்டாம், விறைத்து நிற்கும். பாட்டி உடுத்தி உடுத்தி நைந்துபோன சேலையின் உடல்பகுதியே இதற்கு வாகானது. கரைக்கு அதே சேலையின் கரையை எடுத்தால் முழங்கால் வரை வரும். ரவிக்கைத் துண்டின் ஓரத்திலுள்ள ஒரு சென்டிமீட்டர் சரிகைக்கோடுதான் அளவுக்கு ஒக்கும். முந்தானையின் கீழ்நுனியில் மடிப்புக்குள் ஒரு சிறு ஈயக்குண்டு வைத்துத் தைத்தால் பறக்காமல் விழும். எனக்கு இது தெரிய நான்கு சேலைகள் வீணாயின.


கும்பகோணத்துப் பாட்டி எழுதியது:

குழந்தாய், எனக்கு 71 வயது. பெரியவர்கள் பொம்மை வைப்பது என்ன புதுமை என்று எனக்கு விளங்கவில்லை. தஞ்சைப் பக்கத்தில் எந்த வீட்டுப் பரணைத் திறந்தாலும் டிரங்குப் பெட்டி நிறையப் பொம்மைதானே இருக்கிறது? பண்ருட்டிப் பொம்மை, காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மை, மதுரை விளாச்சேரிக் களிமண் பொம்மை, எல்லாவற்றையும் வாங்கினது பெரியவர்கள்தாம், எடுத்து அடுக்குவதும் பெரியவர்கள்தாம். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கவேண்டும் என்பது வீட்டு வழக்கம். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைப் பற்றி என் மாமியார் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

என் திருமணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி இணை செஞ்சந்தன மரத்தில் செய்தது. ஆண்டுதோறும் புதுச்சட்டை நான்தான் தைத்துப் போடுகிறேன். விசயதசமி இரவு அவர்களைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துச் சுற்றிப் பெட்டியில் வைப்போம். புதுத்துணி வண்ணத்தை உராய்ந்துவிடும். பத்து முறையாவது துவைத்த வேட்டியாக இருக்கவேண்டும். தசாவதாரப் பெட்டியில் கல்கியின் குதிரைக்கு ஒரு காது இல்லை. என் நாத்தனார் ஏழு வயதில் உடைத்தது. அவளுக்கு இப்போது அறுபத்தாறு. புதிதாக வண்ணம் அடித்துத் தருகிறேன் என்று ஆண்டுதோறும் ஒருவர் வருகிறார். கண்ணை மாற்றி எழுதிவிட்டால் அது எங்கள் வீட்டுக் குதிரையாக இருக்காது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

நீ உன் பொம்மைகளை எடுத்துக் கொலுவில் ஒரு படியில் வை. சின்ன மாமியார் வாயைத் திறக்கமாட்டார்.


பெட்டி பிரியாதவன் எழுதியது:

பாட்டி, வணக்கத்தோடு ஒன்று சொல்கிறேன். கொலுவையும் எங்கள் சேகரிப்பையும் ஒன்றாக்கிவிட முடியாது. கொலுப் பொம்மை வீட்டுக்குரியது. அதைப் பார்க்க ஊரை அழைத்து, சுண்டல் கொடுத்து அனுப்புகிறீர்கள். பத்து நாள் முடிந்தால் பெட்டிக்குள் போகிறது. எங்கள் பொம்மை எங்கள் ஒருவருக்கு மட்டுமே உரியது. பண்டிகையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அதனால்தான் அது மற்றவர் கண்ணை உறுத்துகிறது. தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்தபோது யாரும் அவரைக் குறையுள்ளவர் என்று சொல்லவில்லை. ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒற்றைப் பொம்மையிலிருந்து தொடங்கிய ஆசை என்று இன்றுவரை பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். குழந்தைகளுக்காக, நாட்டுக்காக என்ற சொல் உடன் இருந்தது. அமெரிக்காவில் செப்புச் சுரங்கச் செல்வரின் மகளான ஹியூகெட் கிளார்க், பிரெஞ்சுப் பொம்மைகளையும் ஜப்பானியப் பொம்மைகளையும் தமக்காக மட்டுமே சேர்த்தார். ஜப்பானியக் கைவினைஞர்களைக் கொண்டு சிறு கட்டடங்களை நுணுக்கமாகச் செய்வித்தார். கடைசி இருபது ஆண்டுகளை மருத்துவமனை அறையிலேயே கழித்து, 2011இல் 104 வயதில் காலமானார். அவரைப் பற்றி எழுதியவர்கள் பொம்மையைத்தான் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். அத்தனை பணத்துக்கு ஓவியம் மட்டும் வாங்கியிருந்தால் கலாரசிகை என்றிருப்பார்கள். ஓவியமும் நிறைய வைத்திருந்தார் என்பது வேறு கதை.


ஆறில் ஒரு பங்கு எழுதியது:

நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிவிடுகிறேன், கோபிக்கவேண்டாம். கடைக்காரரிடம் ஆறு வயதுக் குழந்தை என்கிறீர்கள். நூலகி மகளுக்கு என்கிறார். வேறு சிலர் முதலீடு என்கிறார்கள், நீங்கள் மேலே விளக்கிய கணக்குப்படி அது பொய்யாகவே போனாலும். நானும் நான்கு ஆண்டுகள், தையல் பழகுவதற்காக வாங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டி கொலுவைக் காட்டி நம் எல்லாருக்கும் ஒரு நல்ல சாக்குத் தருகிறார். பிடித்திருக்கிறது என்பதற்குமேல் காரணம் இல்லை என்று நம்மில் ஒருவரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் பெத்தினா டோர்ஃப்மான் 15,000 பார்பிகளோடு 2011இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். அந்த எண்ணிக்கையை நெருங்கிவிட்டால் ஒருவேளை காரணம் கேட்பதை நிறுத்திவிடுவார்களோ என்னவோ.

ஆனால் பாட்டி சொன்னதில் ஒன்று ஜப்பானோடு பொருந்துகிறது. அங்கே மார்ச் 3ஆம் நாள் வரும் பெண்குழந்தைகள் விழாவுக்காக ஹினா என்னும் பொம்மைகளைப் படிகளில் சிவப்புத் துணி விரித்து வைக்கிறார்கள். விழா முடிந்தும் எடுத்துவைக்கத் தாமதித்தால் வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும் என்பது நம்பிக்கை. வைத்திருக்க இயலாமற்போன பொம்மையைக் குப்பையில் போடவும் அவர்களுக்கு மனம் வருவதில்லை. தோக்கியோவின் உவேனோவிலுள்ள கியோமிசு கன்னோன் கோயிலில் ஆண்டுதோறும் செப்டம்பர் 25 அன்று பொம்மைகளுக்கு மந்திரம் ஓதி எரியூட்டி வழியனுப்புகிறார்கள். எனக்குப் பிறகு இவை என்னாகும் என்ற கேள்விக்கு நம்மிடம் அப்படியொரு ஏற்பாடு இல்லை. என் தம்பியிடம் கேட்டபோது, எடைக்குப் போடமாட்டேன் என்று மட்டும் வாக்களித்தான்.


உறையூர் நூலகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வைத்தியர் சொன்னதைப் படித்ததும் பீரோவைத் திறந்து, 90களில் நம் நாட்டில் செய்யப்பட்ட, சேலை கட்டிய ஒரு பொம்மையை எடுத்தேன். அத்தை மகளுடையதைப் போன்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரிடம் கேட்டுக் கெஞ்சி வாங்கியது. ஒட்டுநாடாவை வெட்டத் தேவையே இருக்கவில்லை, பசை காய்ந்து தானாக உரிந்து வந்தது. உள்ளிருந்து வந்த மணம் புதுச் செருப்புக் கடை மணம். ரப்பர் வளையம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அவர் சொன்ன பழுப்பு வளையல் இடது மணிக்கட்டில் இருக்கிறது. சேலை கட்டப்பட்டதன்று, கொசுவம் முன்பக்கம் மட்டும் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது, பின்னால் ஒட்டுப்பட்டை. இத்தனை நாளும் கண்ணாடித்தாள் வழியாக முன்பக்கத்தை மட்டுமே பார்த்ததால் எனக்கு அது தெரியாது. முதுகில் 1966.

அன்று மாலை இன்னும் இரண்டைத் திறந்தேன். மற்றவற்றைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. சில பெட்டிகள் பெட்டியாகவே அழகாக இருக்கின்றன. அவற்றை அலமாரியின் மேல்தட்டில் அப்படியே வைக்கப்போகிறேன். தச்சரிடம் சொல்லி இடத்தை வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன். அவர் அளவெடுக்கும்போது இவை யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அப்படியானால் உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தட்டு வைக்கவேண்டும் அம்மா, குழந்தைக்கு என்று நினைத்துத் தாழ்வாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லி மறுபடி அளந்தார். கொலுவில் வைப்பதை இந்த ஆண்டு பார்க்கலாம் பாட்டி.

வைத்தியரிடம் ஓர் ஐயம். பொம்மையின் பின்னந்தலையை அட்டையோடு சேர்த்துப் பிடிக்க, துணிக்கடை விலைச்சீட்டில் இருக்குமே, அதைப்போன்ற பிளாஸ்டிக் இழை இரண்டு குத்தியிருக்கிறார்கள். அட்டைப் பக்கத்தில் வெட்டிவிட்டேன். தலைப்பக்கம் இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிடித்து இழுக்கலாமா?


பொம்மை வைத்தியர் கோவை எழுதியது:

இழுக்காதீர்கள்! உள்ளே குறுக்குக் கட்டை இருக்கிறது. இழுத்தால் துளை பெரிதாகி அந்த இடத்து மயிரும் கையோடு வந்துவிடும். நகவெட்டியால் தலையை ஒட்டி நறுக்கி, மிச்சத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளிவிடுங்கள். அதன்பிறகு பொம்மையைக் கையிலெடுத்தால் தலைக்குள் கிலுகிலுவென்று ஒரு சத்தம் கேட்கும். பயப்படவேண்டாம், என்னிடமிருக்கும் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் உண்டு.